போர்ட்ரெய்ட் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு: குறை கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் புதிதாகக் கேமரா வாங்கி, வீட்டு ஆட்களையும் நண்பர்களையும் வைத்து முகங்களை எடுக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைவிட, “படத்தைக் காட்டினேன், இப்படிச் சொல்லிட்டாங்க, இப்ப நான் என்ன செய்யறது?” என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குறையைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டிய வேலை, அதே ஆளை அதே இடத்தில் மறுபடி எடுப்பது. கீழே உள்ள பதில்களில் பலவும் அங்கேதான் வந்து சேரும்.

எல்லோரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். அப்புறம் எதற்குக் குறை கேட்க வேண்டும்?

‘சூப்பர்’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் அத்தை அந்தப் படத்தில் பார்ப்பது தன் பேத்தியின் சிரிப்பை. குழந்தை கண்ணை மூடியிருந்தாலும், தலைக்குப் பின்னால் கரண்ட் கம்பம் முளைத்திருந்தாலும் அவருக்கு அது நல்ல படம்தான். அந்தப் பாராட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தையை அறியாத ஒருவருக்கு அந்தப் படம் என்ன தருகிறது? போர்ட்ரெய்ட் எடுக்கிறவர் பதில் தேட வேண்டியது இந்தக் கேள்விக்கு. அந்த ஆளைத் தெரியாதவர் நின்று பார்க்கிறாரா, எங்கே பார்க்கிறார், என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தானாகத் தெரியாது. எடுக்கும்போது அடித்த கடல் காற்று, அந்த ஆள் சொன்ன வேடிக்கை எல்லாம் உங்கள் நினைவில் படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பார்க்கிறவருக்கு வருவது காகிதத்தில் இருப்பது மட்டும்தான். அதனால் வெளியாள் ஒருவரின் கண் தேவைப்படுகிறது.

யாரிடம் காட்டுவது?

முதலில், படத்தில் இருப்பவரிடம். பலர் இந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் கேட்கிறார்கள்.

அடுத்து, தொழிலாக எடுக்கும் ஒருவரிடம். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கமோ ஒரு ஸ்டூடியோக்காரர் தினமும் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருப்பார். “அவர் கலைஞர் இல்லையே” என்று ஒதுக்க வேண்டாம். தாடை எவ்வளவு இறங்கினால் கழுத்து மடிப்பு தெரியும், கண்ணாடியில் லைட் அடிக்காமல் இருக்க முகத்தை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போய்ப் பணிவாகக் கேளுங்கள்.

அப்புறம், கேமரா பிடிக்காவிட்டாலும் முகத்தை வைத்து வேலை செய்பவர்கள். பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா, சலூன்காரர், ஓவியம் படிக்கும் மாணவர்கள். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது; அங்கே ஓவியம் படிக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் விடாதீர்கள். ஒரு முகத்தில் வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பென்சிலால் போட்டுப் பழகியவர்கள் பார்க்கும் குறைகள் நம் கண்ணில் படவே படாது.

எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் வேறு பதில் சொல்வது மரியாதை இல்லை. ஆகவே கேள்வியைச் சின்னதாக்குங்கள். “பார்த்ததும் உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு?” “இவர் என்ன மனநிலையில இருக்கார்னு தோணுது?” “இந்தப் படத்துல ஒண்ணை எடுத்துடலாம்னா எதை எடுப்பீங்க?” கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. குறை சொல்கிறோம் என்ற கூச்சம் இல்லாமலே குறையைச் சொல்ல வழி செய்துவிடும்.

போனில் காட்டாதீர்கள். நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். போனில் காட்டினால் ஒருவர் விரலால் பெரிதாக்குவார், இன்னொருவர் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவார். பிரிண்ட்டை ஒரு நிமிடமாவது பிடித்துப் பார்ப்பார்கள்.

கொடுத்த பிறகு பேசாமல் இருங்கள். “அன்னைக்கு வெளிச்சம் கம்மி”, “அவர் அவசரத்துல இருந்தார்” என்று நீங்கள் ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். “பார்லர் அக்கா: நெத்தி எண்ணெய் வடியுது.” இப்படி எழுதினால் போதும். அதை “ஹைலைட் அதிகம்” என்று நீங்களே மொழிபெயர்த்து எழுதினால், பத்து நாள் கழித்து அவர் உண்மையில் பார்த்தது என்ன என்பது மறந்துபோகும்.

ஒயிட் டவுனில் மஞ்சள் சுவருக்கு முன்னால் எடுத்தேன். “ஆளுக்கு மஞ்சள் காமாலை மாதிரி இருக்கு” என்கிறார்கள். கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒன்றுமில்லை. புதுச்சேரியில் பழகுகிறவர்களுக்கு அநேகமாக முதலில் வரும் குறை இதுதான்.

வெயில் பட்ட சுவர் தன் நிறத்தையே வெளிச்சமாகத் திருப்பி அனுப்பும். சுவரில் சாய்ந்து நிற்கிறவரின் சுவரோரக் கன்னம், தாடையின் அடிப்பகுதி, கழுத்து எல்லாம் அந்த மஞ்சளை வாங்கிக்கொள்ளும். மறு கன்னத்துக்கு வானத்திலிருந்து நீலம் கலந்த வெளிச்சம் வரும். ஆக, ஒரே முகத்தில் இரண்டு நிறம். ஒயிட் பேலன்ஸை (படம் முழுவதற்கும் நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்கை) நகர்த்தினால் ஒரு பக்கம் தேறும்போது மறுபக்கம் கெடும். கம்ப்யூட்டரில் எவ்வளவு போராடினாலும் அந்த முகம் ஒன்றுசேராது. நேரில் பார்க்கும்போது ஏன் தெரியவில்லை என்றால், நம் மூளை அந்த நிறத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறது. கேமரா கழிக்காது.

செய்ய வேண்டியது சுலபம். ஆளைச் சுவரிலிருந்து ஆறேழு அடி முன்னால் கொண்டுவாருங்கள். பின்னணியில் மஞ்சள் அப்படியே இருக்கும், முகத்துக்கு வருவது மட்டும் வெகுவாகக் குறையும். வெயில் படாத, நிழல் விழுந்த சுவராகப் பாருங்கள். கூட வந்தவரிடம் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துக் கொடுத்து, முகத்தின் இருண்ட பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் ரிஃப்ளெக்டருக்குக் கிட்டத்தட்ட சமமாக வேலை செய்யும்.

இதை ஒரே காலையில் கண்ணால் கண்டு தெளியலாம். ஆசிரமக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். அப்படி ஒரு சுவர் உள்ள தெருவில் அதே ஆளை, அதே தூரத்தில் எடுங்கள். இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் வைத்தால் தாடைக்குக் கீழே நடப்பது விளங்கிவிடும். பட்டுப்புடவையின் அரக்கு நிறம் தாடைக்கு அடியில் ஏறுவதும் இதே காரணத்தால்தான். கல்யாண வேலைக்குப் போகப்போகிறவர்கள் இதை இப்போதே பார்த்துப் பழகுவது நல்லது.

இன்னொன்று. அந்தத் தெருக்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசல்படியில் உட்கார வைத்து எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

“கண்ணையே காணோம், ரெண்டு குழிதான் தெரியுது” என்றார்கள். நல்ல வெளிச்சத்தில்தானே எடுத்தேன்?

நிறைய வெளிச்சம் இருந்திருக்கிறது, மேலிருந்து வந்திருக்கிறது. புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கிறது, கடலூரும் அப்படித்தான். ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மார்கழியில்கூட நடுப்பகலில் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். புருவ எலும்பின் நிழல் கண்ணில் விழாமல் வேறு எங்கே விழும்?

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீடுகளுக்குத் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் திண்ணையும் உண்டு. வெயிலுக்காகக் கட்டியது; போர்ட்ரெய்ட்டுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆளைத் திண்ணையில் உட்கார வைத்துத் தெருவைப் பார்க்கச் சொன்னால், மேல் வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிடும், எதிர்ப்புறத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் நேராக வந்து விழும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இருந்தால் கண் உயிரோடு இருக்கும்.

மாலையில் கடற்கரைச் சாலை. நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும், கட்டடங்களின் நிழல் சாலையில் நீளும். ஆளைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தினால் திறந்த வானம் முழுவதும் மென்மையான வெளிச்சத்தைத் தரும். கொஞ்சம் நீலம் தட்டும், அதைச் சரிசெய்துகொள்ளலாம். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் இந்தக் கட்டட நிழல் கிடைக்காது, அங்கே விடிந்து சிறிது நேரம் வரைதான் வசதி.

“மூக்கு பெரிசா இருக்கு.”

கிட்டப் போய் எடுத்திருக்கிறீர்கள். லென்ஸைக் குறை சொல்வார்கள். ஆனால் முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம். ஒரு அடி தூரத்தில் எடுத்தால், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் 30 விழுக்காடு வரை கூடித் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். முகம் சிறிதாகத் தெரிந்தால் 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. லென்ஸ் மாட்டுங்கள்.

“கண் ஷார்ப்பா இல்லை” என்றார்கள். பின்னணியைக் கரைப்பதற்காகத்தானே எஃப் 1.8 வாங்கினேன்?

எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதைச் சொல்லும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. கிராப் சென்சார் (சென்சார் சற்றுச் சிறிய வகை) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் உள்ளே, ஒரு கண் வெளியே. அந்த ஆள் மூச்சு விட்டு அசைந்தாலே ஃபோகஸ் இமையிலிருந்து காதுக்குப் போய்விடும். எஃப் 2.8 அல்லது 4இல் எடுங்கள், பின்னணியை இன்னும் தள்ளி வையுங்கள், அதுவும் கரையும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஷட்டர் 1/125க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் “கொஞ்சம் கலர் ஏத்திக் குடு தம்பி” என்கிறார். கூட வேலை செய்கிறவர் “தோலைக் கெடுத்துட்ட” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாக இல்லை. இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் தொழில் காரணம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட கருத்த மனிதர் நின்றால், மீட்டர் அந்த வெள்ளையைக் கண்டு பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும். முகம் இருளில் மூழ்கும். வீட்டுக்குப் போய் அந்த முகத்தை மட்டும் ஏற்றினால் சாம்பல் பூத்த, உயிரில்லாத தோல் கிடைக்கும். அதைத்தான் உங்கள் நண்பர் ‘கெட்டுப்போச்சு’ என்கிறார். தவறு நடந்த இடம் கேமரா. முகத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) வைத்து எடுங்கள், அல்லது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள். இருட்டுப் பின்னணியாக இருந்தால் இதற்கு நேர்மாறாகக் குறையுங்கள்.

கருத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கன்ன எலும்பிலும் மூக்குத்தண்டிலும் நெற்றியோரத்திலும் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். முகத்தின் வடிவத்தை அந்த மினுக்கமே வரைந்துவிடும். வெளுக்க வைத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோடாக் காலத்தில் கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு பெண்ணின் படம் வரும். ஷெர்லி அட்டை என்று பெயர். பல பத்தாண்டுகள் அந்தப் பெண் வெள்ளைக்காரியாகவே இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. நம் தாத்தா பாட்டிகளின் கலர் படங்களில் முகம் இருண்டு கிடப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. கேமராவும் பிரிண்ட்டும் நமக்காகச் செய்யப்படாத காலம் ஒன்று இருந்தது. இப்போது நம் தோலை உள்ளபடி காட்ட முடிகிற கருவி கையில் இருக்கும்போது, அதை வைத்து மாவு பூசுவது எனக்கு மனதாரப் பிடிக்கவில்லை.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது? விவாதம் வேண்டாம். நன்றாக லைட் செய்து உள்ளபடி எடுத்த படம் ஒன்று, வெளுப்பாக்கியது ஒன்று, இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். “எதுல அவங்க அவங்களா இருக்காங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டில் ஒருவராவது முதல் படத்தை எடுப்பார். “கலர் ஏத்து” என்கிற பலருக்கு உண்மையில் வேண்டியது, முகம் இருட்டாக இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதே. அது நியாயமான குறை. அதை லைட்டால் தீர்த்துவிடலாம்.

படத்தில் இருப்பவருக்கே பிடிக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

இது இயல்பு. நம் முகத்தை நாம் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம், இடம் வலம் மாறியபடி. வகிடும், ஒருபக்கம் சாயும் சிரிப்பும் படத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும்போது ‘இது நான் இல்லையே’ என்று தோன்றும். 1977இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆட்கள் தங்கள் படத்தில் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நண்பர்கள் நேர்ப் படத்தையுமே அதிகம் விரும்பினார்கள். கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டிப் பாருங்கள். “இது பரவாயில்லை” என்றால் காரணம் அதுதான், உங்கள் வேலையில் தவறில்லை.

திருப்பிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் எதை என்று கேளுங்கள். பல்லா, தாடையா, வயிறா? மறைக்கச் சொல்கிறாரா, வேறு மாதிரி நின்றால் சரியா? அவர் ‘வேண்டாம்’ என்றால் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும்தான்.

“என்னை ஏன் இப்படிப் பாவமா எடுத்திருக்க?” என்று ஒருவர் கேட்டால்?

நான் அறிந்தவரை, ஒரு போர்ட்ரெய்ட்காரருக்குக் கிடைக்கக்கூடிய குறைகளில் மிக உயர்ந்தது இது. கேட்டவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவை, என்னோடு வந்த பையன் ஒருவன் எடுத்தான். கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்படி செய்திருந்தான். பார்த்தவர்கள் எல்லாம் “என்ன ஆழம், என்ன சோகம்” என்று பாராட்டினார்கள். அடுத்த முறை போனபோது பிரிண்ட்டை அந்த அம்மாவிடமே கொடுத்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, நான் அழுவுற மாதிரி எடுத்திருக்க? வெயிலுக்குக் கண்ண சுருக்குனேன், அவ்ளோதான். அன்னிக்கு நல்ல யாவாரம் வேற” என்றார். அப்புறம் அவரே, “ஏலம் முடிஞ்சு டீ குடிக்க உக்காருவோம், அப்ப வா” என்று நேரமும் சொன்னார்.

அவர் சொன்ன நேரத்துக்குப் போனான். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தார். தார்ப்பாய் நிழல், முகத்தில் ஒரே சீரான வெளிச்சம், கலரிலேயே எடுத்தான். அதிகாரமும் குறும்பும் உள்ள ஒரு பெண் அந்தப் படத்தில் இருக்கிறார். முதல் படத்தில் இருந்த சோகம், உழைப்பாளி என்றால் இப்படித்தான் இருப்பார் என்று எடுத்தவனும் பார்த்தவர்களும் முன்பே முடிவு செய்துகொண்டது. வெயில் அதற்குச் சாட்சி சொன்னது.

மீனவர் குப்பங்களிலும் சந்தையிலும் எடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். புதுச்சேரி குபேர் அங்காடியில் பூ விற்கும் ஆயா, தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பற்றி உங்களைவிட அதிகம் யோசித்திருப்பார்.

இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொல்கிறார்கள்.

இருவரும் படத்தில் எந்த இடத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் “கையை வெட்டியிருக்கணும்” என்கிறார், இன்னொருவர் “கையை முழுசா காட்டியிருக்கணும்” என்கிறார் என்றால், இருவருமே கையில் தடுக்கியிருக்கிறார்கள். மணிக்கட்டில் சரியாகக் கத்தரித்திருப்பீர்கள். நோய் ஒன்று, மருந்து இரண்டு. இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

கேவலமாகப் பேசினால்?

“இதெல்லாம் ஒரு படமா” என்பதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. “எந்த இடம் சரியில்லைன்னு சொல்லுங்கண்ணா” என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இடத்தைக் காட்டினால், குரல் எப்படி இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். பேச்சு படத்தை விட்டு உங்கள்மேல் தாவினால் எழுந்து வந்துவிடலாம். பெண்கள் கேமரா எடுத்தால் “உனக்கெதுக்கும்மா இது” என்று தொடங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதை விமர்சனக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

சொன்ன குறையை ஏற்காமல் இருக்கலாமா?

தாராளமாக. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கொல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் இங்கிலாந்தில் படம் எடுக்கத் தொடங்கினார். அன்றைய புகைப்படப் பத்திரிகைகள் அவரை விடவில்லை. ஃபோகஸ் இல்லை என்றார்கள், படம் பதியும் கண்ணாடித் தட்டில் கறையும் கீறலும் இருக்கிறது என்றார்கள். ஃபோகஸ் என்றால் இதுதான் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்டு, தன் நண்பரான வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு அவர் கடிதம் எழுதினார். மென்மையான ஃபோகஸையும் முகத்துக்கு மிகக் கிட்டப் போவதையும் அவர் கைவிடவில்லை. ஹெர்ஷலை அவர் 1867இல் எடுத்த படம் இன்றும் உலகின் தலைசிறந்த போர்ட்ரெய்ட்களில் ஒன்று. கடைசிக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்து, அங்கேயே 1879இல் காலமானார்.

இதைக் காட்டி “நானும் அப்படித்தான்” என்று எல்லோரும் கிளம்பிவிடக் கூடாது. என் பார்வையில், ஃபோகஸ் விஷயத்தில் நியாயம் கேமரன் பக்கம், கறை விஷயத்தில் பத்திரிகைகள் பக்கம். ஒரு மங்கலை நீங்கள் நினைத்தபோது கொண்டுவரவும் நினைத்தபோது தவிர்க்கவும் முடிந்தால் அது உங்கள் பாணி. தவிர்க்க முடியாததால் வந்த மங்கலுக்குப் பாணி என்று பெயர் வைக்க வேண்டாம். ஏற்க மறுக்கும் முன், சொன்னபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

சரி, குறையைக் கேட்டாச்சு. அடுத்து?

பழைய ஃபைலைத் திறந்து திருத்த உட்காராதீர்கள். திருத்தினால் அந்த ஒரு படம் தேறலாம், எடுத்த கை தேறாது. நோட்டில் எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே ஆளிடம் போங்கள். அதே இடம், கிட்டத்தட்ட அதே நேரம், அதே லென்ஸ். மாற்றுவது ஒன்றே ஒன்று. சுவரிலிருந்து தூரமா, முகம் திரும்பும் பக்கமா, நீங்கள் நிற்கும் உயரமா? மற்றவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இதற்கு அடிக்கடி உட்காரப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும். அம்மா, தாத்தா, கீழ்வீட்டுத் தையல்காரர், யாராவது ஒருவர். அழகானவராக இருக்க வேண்டியதில்லை, உங்களோடு பேசிக்கொண்டிருக்கக்கூடியவராக இருந்தால் போதும். ஒரே முகத்தைப் பல தடவை எடுக்கும்போதுதான் உங்கள் பழக்கங்கள் உங்களுக்கே தெரியவரும். எப்போதும் மேலிருந்தே எடுக்கிறீர்கள், எப்போதும் வலது பக்கமே திருப்புகிறீர்கள், அவர் பேசி முடிக்கும் முன்பே அழுத்திவிடுகிறீர்கள். புதுப்புது ஆளாக எடுத்துக்கொண்டே போனால் புது முகத்தின் சுவாரசியத்தில் இது மறைந்துவிடும்.

பிறகு, குறை சொன்னவரிடமே இரண்டு பிரிண்ட்டையும் கொண்டுபோங்கள். எது பழையது, எது புதியது என்று சொல்லாதீர்கள். சில சமயம் அவர் பழையதையே நல்லது என்பார். அப்போது பேச்சு இன்னும் நன்றாக நடக்கும்.

போனில்தான் எடுக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். தோலை வழவழப்பாக்கும் பியூட்டி செட்டிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தால் ஓரங்களைப் பாருங்கள்; பறக்கும் முடி, மல்லிச் சரத்தின் விளிம்பு, மூக்குக்கண்ணாடியின் காது இவற்றை அது தின்றுவிடும். சாதாரண மோடில், கொஞ்சம் ஜூம் வைத்து, தள்ளி நின்று எடுப்பது மேல்.

நல்ல போர்ட்ரெய்ட்களை எங்கே பார்க்கலாம்?

உங்கள் வீட்டுப் பரணில். தாத்தா பாட்டி கல்யாணம் ஆன புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். வரைந்த திரைச்சீலை, நாற்காலி, பக்கத்தில் ஸ்டூலில் பூச்சாடி. கையை எங்கே வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விறைப்பாக நிற்கிறார்கள் என்று சிரிக்கத் தோன்றும், ஆனால் விரல்கள் எவ்வளவு கவனமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் அந்தப் பெயர் தெரியாத ஸ்டூடியோக்காரர்மேல் மதிப்பு வரும். இந்தப் படங்கள் அழிந்துபோகக் கூடாது என்று, 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. பழகுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பொக்கிஷம்.

நானே புதுசு. மற்றவர் படத்துக்கு நான் குறை சொல்லலாமா?

சொல்ல வேண்டும். பிறர் படத்தில் குறையைக் கண்டு சொல்லப் பழகினால்தான் எடுக்கும் நேரத்தில் உங்கள் ஃபிரேமிலும் அது கண்ணில் படும். ஆனால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “இடது கண்ணுல நிழல் விழுந்திருக்கு.” பிறகு, அது உங்களுக்கு என்ன செய்கிறது: “அதனால அவர் எதையோ மறைக்கிற மாதிரி எனக்குத் தோணுது.” அதோடு நிறுத்திவிட்டு, “நீங்க அப்படித்தான் நினைச்சீங்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது குறையே இல்லை. இல்லை என்றால் மட்டும், “கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி எடுத்துப் பார்க்கலாமா?” என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரோடு கூடப் போய் வேட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.